படி நெல்லும் பட்டாவும்

செங்கல்பட்டுச் சீமையின் ஏரிப்பாசனக் கிராமம் ஒன்றில், தை அறுவடை முடிந்து களங்கள் ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறுப்பின் பண்டிகை ஆராதனைக்குக் கூடிய சபையாரோடு நானும் உட்கார்ந்திருந்தேன். பீடத்தின் இரு புறமும் வாழைக்கன்றும் கரும்பும் கட்டி, பரங்கிக்காயும் வாழைத்தாரும் வரிசையாக அடுக்கி, நடுவே நெற்கதிர்க் கட்டு ஒன்றை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். காணிக்கை நேரத்தில் முக்காடிட்ட முதியவள் ஒருத்தி மெல்ல நடந்துவந்து, முந்தானையில் முடிந்திருந்த நெல்லை அவிழ்த்து, அங்கிருந்த மரக்காலில் ஒரு மணியும் சிந்தாமல் கொட்டிவிட்டுத் திரும்பினாள். ஒரு படிக்குமேல் இராது.

ஆராதனைக்குப் பின் காணிக்கைப் பொருள்களை வேப்பமரத்தடியில் ஏலம் விட்டுக்கொண்டிருந்தபோது, அவளைப் பற்றிப் போதகர் என்னிடம் சொல்லத் தொடங்கினார், அவளோ அவர் பேச்சை இடைமறித்துத் தானே சொன்னாள்: "ஐயரே, அந்த நெல்லு எங்க நெலத்துல வெளைஞ்சதுதான். எங்க மாமனாரோட அப்பனுக்குச் சர்க்காரு குடுத்த நெலம். இப்ப அதுலயே கூலிக்கு அறுத்து, அந்தக் கூலி நெல்லுலதான் காணிக்கை வெக்கிறேன்." குறை சொல்லும் குரலில் அவள் இதைச் சொல்லவில்லை, ஏரி எங்கே இருக்கிறது, மதகு எங்கே இருக்கிறது என்று ஊருக்குப் புதியவனுக்கு வழிகாட்டும் குரலில் சொன்னாள். அன்று கேட்ட பிரசங்கம் இன்று எனக்கு நினைவில்லை. அந்த இரண்டு மூன்று வாக்கியங்கள் மாத்திரம் என்னை விட்டு நீங்கவில்லை.

கிறிஸ்தவர்களாகிய எங்களுக்குத் தர்மம் செய்யத் தெரியாது என்று எவரும் சொல்லமாட்டார்கள். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் அநாதை இல்லமும் குஷ்டரோகிகளுக்கு ஆசிரமமும் கட்டி நடத்திய சரித்திரம் எங்களுக்கு உண்டு. கிறிஸ்துமஸ் வந்தால் சேலையும் போர்வையும், வெள்ளம் வந்தால் அரிசியும் பாயும் கொடுக்கும் பழக்கமும் உண்டு. எனினும், நீதியையும் நெறியையும் கடமையையும் ஒருங்கே குறிப்பதற்கு முன்னோர் ஆண்ட தர்மம் என்னும் பெருஞ்சொல், கோயில் வாசலில் நீட்டிய கையில் விழும் காசைக் குறிக்கும் சிறுசொல்லாக நம் பேச்சு வழக்கில் எவ்வாறு சுருங்கிப்போயிற்றோ, அவ்வாறே எங்கள் விசுவாசத்தின் சமூக முகமும் ஈகையளவில் சுருங்கிவிட்டதோ என்ற அச்சம் எனக்கு உண்டு. எபிரெய மொழியில் நீதிக்கும் தான தர்மத்துக்கும் ஒரே சொல்தான் வழங்குகிறது. ஏழைக்குக் கொடுப்பவன் தன் கருணையைக் காட்டவில்லை, ஏழைக்கு உரியதைத் திருப்பித் தருகிறான் என்பதே அச்சொல்லுக்குள் உறையும் கருத்து. முதியவளுக்குச் சேலை கொடுப்பது எளிது. அவளுடைய நிலம் அவள் கையைவிட்டு எவ்வாறு போயிற்று என்று கேட்பது கடினம். அக்கடினமான கேள்வியைக் கேட்காத ஈகை, கிறிஸ்தவ ஈகையாகாது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

வேதாகமத்தைப் பக்திப் புத்தகமாக மட்டும் படித்துப் பழகியவர்கள், அதில் நிலத்தைப் பற்றிய பேச்சு எத்தனை இடங்களில் வருகிறது என்பதைக் கவனித்தால் வியப்படைவார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை யூபிலி ஆண்டில், விற்றுப்போன காணி பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும் என்கிறது லேவியராகமம். நெகேமியாவின் காலத்தில், பஞ்சத்தில் தானியம் வாங்குவதற்காக வயலையும் திராட்சைத்தோட்டத்தையும் வீட்டையும் அடகுவைத்து, பெற்ற பிள்ளைகளையும் அடிமைகளாக விட்ட ஜனங்கள் வந்து முறையிட்டபோது, அந்த ஆளுநர் அவர்களுக்குக் கஞ்சித்தொட்டி திறந்துவிட்டுத் தம் கடமை முடிந்தது என்று இருந்துவிடவில்லை; பிரபுக்களையும் அதிகாரிகளையும் சபையிலே நிறுத்தி, அடகு பிடித்த நிலங்களை அன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் செய்து, ஆசாரியர்களை அழைத்து ஆணையும் இடுவித்தார்.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தைத் தைப்பது நாபோத்தின் கதை. யெஸ்ரயேலிலே அரண்மனைக்குப் பக்கத்தில் இருந்த அவனுடைய திராட்சைத்தோட்டத்தின் மேல் ஆகாப் ராஜா ஆசை வைத்தான். மாற்றாக வேறு நல்ல தோட்டமோ, அதன் விலையோ தருவதாகவும் சொன்னான். தன் பிதாக்களின் சொத்தைத் தரமாட்டேன் என்று நாபோத் மறுத்தான். அதன் பிறகு ராணி யேசபேல் செய்ததை நம் நாட்டுத் தாலுகா அலுவலகத்தை அறிந்த எவரும் உடனே புரிந்துகொள்வார்கள்: ராஜாவின் பெயரால் கடிதம் எழுதி, அவனுடைய முத்திரையையே போட்டு, ஊர்ப் பெரியவர்களுக்கு அனுப்பி, இரண்டு பொய்ச்சாட்சிகளை ஏற்படுத்தி, முறைப்படி விசாரணை நடந்ததாகக் காட்டி நாபோத்தைக் கொல்வித்தாள். பத்திரம் சரியாக இருந்தது. முத்திரையும் சாட்சியும் இருந்தன. ஊராரின் சம்மதமும் இருந்தது. எல்லாம் முடிந்து ராஜா தோட்டத்தைக் கைவசப்படுத்த இறங்கிய வேளையில்தான், எலியா தீர்க்கதரிசி தேவாலயத்துக்குப் போகாமல், அந்தத் தோட்டத்துக்கே போய் அவனை எதிர்கொண்டார். பழைய தமிழ் வேதாகமம் பிதாக்கள் வழி வந்த காணியைக் குறிக்க ஆளும் சொல் 'சுதந்தரம்' என்பது. களத்து நெல்லில் இன்னாருக்கு இவ்வளவு என்று ஊர் வழக்கம் வகுத்திருந்த பங்குக்கும் தொண்டை மண்டலத்துப் பழைய கணக்குகளில் அதுவே பெயர். அரசியல் விடுதலைக்கு நாம் அச்சொல்லை வழங்கத் தொடங்கியது பிற்காலத்தில். காணியும் களத்துப் பங்கும் இல்லாதவனுக்கு விடுதலை என்ன பொருள் தரும் என்று அச்சொல்லே நம்மைக் கேட்பதுபோல் எனக்குத் தோன்றும்.

இனி நம் மண்ணின் சரித்திரத்துக்கு வருகிறேன். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான மக்கள் மடிந்தார்கள். நிவாரண வேலைக்கு வந்த கூலியாளுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று சர்க்காரின் பஞ்சப் பிரதிநிதி சர் ரிச்சர்ட் டெம்பிள் சிக்கனக் கணக்குப் போட்ட காலம் அது. அப்போது ஓங்கோலில் ஊழியம் செய்துவந்த அமெரிக்க பாப்டிஸ்டு மிஷனெரி ஜான் கிளவ், இளமையில் நில அளவைத் தொழில் பயின்றவர். ஆகையால் வெறும் கஞ்சி ஊற்றுவதோடு நில்லாமல், பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் தூரம் வெட்டும் ஒப்பந்தத்தைத் தாமே எடுத்து, பட்டினியால் வாடிய மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பு ஜனங்களுக்கு வேலையும் கூலியும் கொடுத்தார். அவர் செய்த மற்றொரு காரியம் அதனினும் பெரிது என்பேன்: சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்ற பழி அந்த ஏழைகளின்மேல் வரக் கூடாது என்று, பஞ்சம் நீடித்த காலம் முழுவதும் ஞானஸ்நானம் கொடுப்பதை நிறுத்தி வைத்தார். நிவாரணம் முடிந்த பின்னரே, 1878 ஜூலை 3ஆம் நாள், ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். எண்ணிக்கையைக் காட்டி நான் பெருமை பேசவில்லை. உதவியை மதமாற்றத்தின் தூண்டிலாக்கலாகாது என்பதற்கும், பசித்தவனை இரப்பவனாக்காமல் உழைத்துண்பவனாக நிறுத்துவதே மரியாதை என்பதற்கும் அந்தக் கால்வாய்க் கரை சாட்சியாக இருக்கிறது.

பஞ்சம் கடந்தும் பஞ்சத்தை உண்டாக்கிய ஏற்பாடு கடந்து போகவில்லை. செங்கல்பட்டு ஜில்லாவிலே, ஊர் நிலத்தைச் சில குடும்பங்களே பரம்பரை உரிமையாக ஆளும் மிராசு முறை வேரூன்றியிருந்தது. பறையர்கள் படியாட்களாகப் பரம்பரைக் கடனில் கட்டுண்டு கிடந்தார்கள். அடிமைத்தனத்தைச் சட்டம் ஏற்காது என்று 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் சொல்லியும் அவர்கள் நிலை அசையவில்லை. தரிசாகக் கிடக்கும் சர்க்கார் நிலத்துக்கு அவர்களுள் ஒருவன் தர்க்காஸ்து விண்ணப்பம் போட்டால், எனக்கே முதல் உரிமை என்று மிராசுதாரர் குறுக்கிட விதிகளே இடம் கொடுத்தன. இவற்றைவிடக் கொடியது வீட்டுமனையின் நிலை. சேரி இருந்த மனையும் மிராசுதாரருக்கே உரியது என்று கருதப்பட்டமையால், கூலி கூட்டிக் கேட்டவனையும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவனையும், வேறு எஜமானிடம் வேலைக்குப் போனவனையும் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்ல ஒரு வார்த்தை போதும். நிற்கும் தரையே தன்னுடையது அல்லாதவன் நியாயம் பேச எங்கே நிற்பான்?

ஆன்ம ரட்சிப்பைப் பிரசங்கிக்க வந்த பாதிரிமார்கள் இந்தப் பூமிக் கணக்கைத் தாமாகக் கண்டறிந்தார்கள் என்று சொல்வது சரித்திரத்துக்குப் பொருந்தாது. அவர்களைத் தேடிவந்த சேரி மக்களே, ஜெபத்தோடு மனுவும் எழுதித் தரக் கேட்டு, போதகர்களுக்குப் போதித்தார்கள். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்தின் சுயாதீனத் திருச்சபையைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரு, திருவள்ளூர்ப் பகுதியில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி ஆகியோர் அவ்வாறு கற்றுக்கொண்டவர்கள். தரிசு நிலத்தைப் பறையருக்குக் கொடுங்கள், குடியிருக்கும் மனையை அவர்களுக்கே உரிமையாக்குங்கள் என்று அதிகாரிகளுக்கு விண்ணப்பித்தும் பத்திரிகைகளில் எழுதியும் வந்தார்கள். செங்கல்பட்டை அடுத்த மெல்ரோசாபுரம் என்னும் குடியேற்றம் ஆண்ட்ருவின் முயற்சியால் எழுந்தது. இதே ஆண்டுகளில் அயோத்திதாசப் பண்டிதரும் இரட்டைமலை சீனிவாசனும் தம் மக்களின் உரிமைகளுக்காகத் தாமே சங்கம் கூட்டிக் குரல் எழுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நியாயத்தின் வழக்கறிஞர்கள் ஒரு மதத்தாருக்குள் மட்டும் பிறப்பதில்லை.

1891ஆம் ஆண்டு மே மாதம் ரோமாபுரியிலே பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ, தொழிலாளிக்கு உரிய கூலியைப் பற்றிய தம் புகழ்பெற்ற சுற்றுமடலை வெளியிட்டார். அதே ஆண்டில் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த ஜேம்ஸ் டிரெமென்ஹீர் தம் ஜில்லாவின் பறையர்களைப் பற்றிய அறிக்கையைச் சர்க்காருக்குச் சமர்ப்பித்தார். ஒருவர் திருச்சபையின் தலைவர், மற்றவர் சர்க்கார் உத்தியோகஸ்தர்; ஒருவரை ஒருவர் அறியார்; எனினும் ஏழையின் நிலையை ஏழையின் குற்றமாகப் பார்க்காமல் ஏற்பாட்டின் குற்றமாகப் பார்த்ததில் இருவரும் ஒன்றுபட்டார்கள். டிரெமென்ஹீர் கேட்டவற்றுள் பலவற்றைச் சர்க்கார் மறுத்தது. ஆயினும் 1892 செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த 1010ஆம் எண் அரசாணையிலிருந்து, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத் தரிசு நிலம் ஒதுக்கும் வழி திறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வது அதுவே. பின்னர் வகுத்த நிபந்தனைகளின்படி, முதல் பத்து ஆண்டுகள் அந்நிலத்தை விற்கவே கூடாது. அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பார் ஒருவருக்கே விற்க வேண்டும். மீறினால் சர்க்கார் மீட்டுக்கொள்ளலாம். அவ்வாறு வழங்கப்பட்ட நிலத்தின் அளவு பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று பொதுவாகக் கூறுவார்கள்.

அந்த நிலம் எங்கே போயிற்று? பெண்ணின் கலியாணத்துக்கு வாங்கிய சிறுகடனுக்கு ஈடாகக் கொஞ்சம் போயிற்று. எழுதப் படிக்கத் தெரியாதவனிடம் வெற்றுத்தாளில் வாங்கிய கைநாட்டால் கொஞ்சம் போயிற்று. நிலவரி மறு பதிவு நடந்த காலத்தில் பழைய 'அ' பதிவேட்டில் இருந்த ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் நிலம் என்பதைக் குறிக்கும் 'டி.சி.' என்ற இரண்டு எழுத்துக்கள் புதிய பதிவேட்டில் ஏறாமல் விடுபட்டதால் கொஞ்சம் போயிற்று. பட்டணம் விரிந்து மனைப்பிரிவுக் கற்கள் வயலுக்குள் நடக்கத் தொடங்கியபின் மிச்சமும் போயிற்று. ஆகாபின் முத்திரையும் யேசபேலின் பொய்ச்சாட்சிகளும் ஒரே நாளில் செய்ததை, இங்கே ஒரு நூற்றாண்டு நிதானமாகச் செய்து முடித்தது.

இழந்ததைக் கேட்டவர்கள் இல்லாமலில்லை. காரணை என்னும் ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிர் நீத்தனர்: ஒருவர் ஜான் தாமஸ், மற்றவர் ஏழுமலை. ஒன்று அப்போஸ்தலர்களின் பெயர். மற்றது திருவேங்கடத்து மலையின் பெயர். அவ்விரு பெயர்களும் ஒருங்கே நிற்பதைக் காணும்போது, நிலத்தின் நியாயம் எந்த மதத்தின் தனிச்சொத்தும் அன்று என்பதை விளக்க எனக்கு வேறு வியாக்கியானம் தேவைப்படுவதில்லை.

திருச்சபை அரசியலில் தலையிடலாமா என்று இவ்விடத்தில் நல்லவர்கள் பலர் கேட்பார்கள். அவர்களுடைய தயக்கத்தை நான் மதிக்கிறேன். எந்தக் கட்சிக்கு வாக்களிக்க வேண்டும் என்று பிரசங்க பீடத்திலிருந்து சொல்வதையும், தேர்தல் காலத்தில் வேட்பாளர்களை ஆலயத்துக்குள் அழைத்துச் சால்வை போர்த்துவதையும், சபையின் வாக்குகளைக் காட்டித் தங்கள் நிறுவனங்களுக்குச் சலுகை பெறுவதையும் அவர்களைப் போலவே நானும் வெறுக்கிறேன். ஆனால் தாலுகா அலுவலகத்துத் திண்ணையில் நாள் முழுதும் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பும் விதவையின் பக்கத்தில் போய் நிற்பது கட்சி அரசியலாகாது. அதையும் அரசியல் என்று ஒதுக்கினால், நாபோத்தின் தோட்டத்துக்குப் போன எலியாவையும், பிரபுக்களைச் சபையில் நிறுத்திய நெகேமியாவையும் சேர்த்தே ஒதுக்க வேண்டியிருக்கும்.

மற்றோர் எச்சரிக்கையையும் சரித்திரம் நமக்குத் தருகிறது. திருவிதாங்கூரிலே கர்னல் மன்றோ திவானாக இருந்த காலத்தில், கிறிஸ்தவர்களான நாடார் பெண்களுக்கு மட்டும் குப்பாயம் அணிய அனுமதி கிடைத்தது. மதம் மாறாத அவர்களுடைய சகோதரிகளுக்கு அது மறுக்கப்பட்டது. பல்லாண்டுக் கலவரத்துக்கும் கண்ணீருக்கும் பின், 1859 ஜூலை 26ஆம் நாள் வெளியான ராஜ விளம்பரம், உயர்சாதிப் பெண்களைப்போல் அணியலாகாது என்ற தடையை வைத்துக்கொண்டே எனினும், சமய பேதமின்றி நாடார் பெண்கள் அனைவருக்கும் மேலுடை உரிமையை ஒப்புக்கொண்டது. தன்னவர்க்கு மட்டும் கேட்கும் நியாயம் பாதி நியாயம் என்பதே இதன் பாடம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, ஆதிதிராவிட கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியாருக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த அக்கதவு அவர்களுக்கு மூடியே இருப்பது அநீதி. அதை எதிர்த்துச் சபைகள் குரல் கொடுப்பது முறையே. ஆயினும் அக்குரல் கனம் பெற வேண்டுமானால், பக்கத்துத் தெருவில் மாரியம்மன் கோயிலுக்குப் போகும் ஏழையின் பட்டாவுக்காகவும் அதே குரல் எழும்ப வேண்டும்.

ஊராருக்கு நியாயம் சொல்லுமுன் எங்கள் வீட்டையும் நாங்கள் பெருக்கியாக வேண்டும். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், ஒரே அப்பத்தில் பங்குபெறும் ஜனங்களை ஜாதிவாரியாகப் பிரிக்க ஆலயத்துக்குள்ளேயே சுவர் எழுப்பியிருந்தார்கள். 1910ஆம் ஆண்டு அது இடிக்கப்பட்டபோது, சுவர் எங்கள் உரிமை என்று வழக்காடிச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றவர்களும் கிறிஸ்தவர்களே. சுண்ணாம்புச் சுவர் விழுந்து நூறாண்டுக்கு மேலாகியும், கல்லறைத் தோட்டத்திலும் கலியாணப் பேச்சிலும் சபைத் தேர்தலிலும் அதன் அஸ்திவாரம் தட்டுப்படாத ஊர்கள் எத்தனை? சபைகளுக்கும் சொந்த நிலங்கள் உண்டு. அவற்றில் பயிரிடுகிறவர்களுக்கும், எங்கள் நிறுவனங்களில் பெருக்கித் துடைக்கிறவர்களுக்கும் நாங்கள் கொடுக்கும் கூலி நியாயமானதா என்று கணக்குப் பார்க்காமல், மிராசுதாரரைப் பற்றிப் பிரசங்கிக்க எங்களுக்கு வாய் ஏது?

ஆகவே என் வேண்டுகோள் மிக எளியது. ஈகையை நிறுத்தச் சொல்லவில்லை. பசித்தவன் பட்டா வரும்வரை காத்திருக்க முடியாது. கொடுக்கும் கை ஒன்று கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, மற்றொரு கை பதிவேட்டைப் புரட்டட்டும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சேரும் பணத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு குருசேகரமும் தனியே எடுத்து வைத்து, தன் எல்லைக்குட்பட்ட கிராமங்களின் பழைய 'அ' பதிவேட்டுக்கு நகல் மனுப் போடட்டும், 'டி.சி.' என்று குறித்த புல எண்கள் எவை, இன்று அவை யார் பெயரில் இருக்கின்றன என்று எழுதி ஆலயத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். எங்கள் சபைகளில் வழக்கறிஞர்களும் ஓய்வுபெற்ற வருவாய்த்துறை உத்தியோகஸ்தர்களும் இருக்கிறார்கள், அவர்கள் மாதத்தில் ஒரு நாளை இதற்குக் காணிக்கையாகக் கொடுக்கட்டும். போதகர் தம் வாரத்தில் ஒரு முற்பகலைத் தாலுகா அலுவலகத்துத் திண்ணைக்கு ஒதுக்கட்டும். மனுவைக் கொண்டு வருகிறவர் எந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறவர் என்று ஒருவரும் கேட்கவேண்டாம்.

அடுத்த தையிலும் அந்த மூதாட்டி முந்தானையில் நெல் முடிந்துகொண்டு பீடத்தண்டை வருவாள். அந்தக் காணிக்கையை வாங்கிக்கொள்ளும் நாம், அந்த நெல் விளைந்த நிலத்தின் புல எண்ணையாவது அதற்குள் தெரிந்து வைத்திருக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.